மீனுக்கு நோய் வந்தால்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கி வந்த மீன் புதன்கிழமை தரையோடு ஒட்டிக் கிடக்கும். வியாழக்கிழமை காலையில் மருந்து ஊற்றித் தொட்டித் தண்ணீர் நீலமாகியிருக்கும். சனிக்கிழமைக்குள், அதுவரை நன்றாக இருந்த மீன்களும் போய்ச் சேர்ந்துவிடும். புதிதாக மீன் வளர்க்கத் தொடங்கிய நண்பர்களின் வீடுகளில் இதையே திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அவர்கள் அக்கறையில் குறையில்லை, பல நேரம் மருந்தும் சரியானதுதான். தப்பியது வரிசை மட்டும்.

இங்கே சொல்வதெல்லாம் வீட்டு நன்னீர்த் தொட்டிக்கு. கடல்மீன் தொட்டிக்குக் கணக்கே வேறு.

1. மீன் நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள்

நோய் வந்தபின் ஓடினால் கடையில் கையில் கிடைப்பதைத்தான் வாங்குவோம். அதனால் இவை வீட்டில் இருக்கட்டும்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) பார்க்கும் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட், ஒரு தெர்மாமீட்டர், 20 அல்லது 25 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஏர் பம்ப், ஆன்டி குளோரின், கல் உப்பு, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச், சமையலறை டிஜிட்டல் தராசு. டப்புக்கென்று தனி வலை, தனி மக். காகிதப் பட்டை டெஸ்ட் கிட் மலிவு, ஆனால் பல பட்டைகளில் அம்மோனியா கட்டமே இருக்காது. நமக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

இன்னொன்று, பலரும் விட்டுவிடுவது: ஒரு சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை உபரியாக வாங்கிப் பெரிய தொட்டியின் மூலையில் எப்போதும் ஓடவிடுங்கள். மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். அவசரத்தில் அப்படியே எடுத்து டப்பில் போட்டால் அந்த நிமிடமே வேலை செய்யும். கடையிலிருந்து வந்த புது ஸ்பாஞ்சுக்கு அதே நிலை வர நாலைந்து வாரம் பிடிக்கும்.

தொட்டியின் கொள்ளளவையும் இப்போதே கணக்குப் போட்டு, தொட்டியின் பக்கவாட்டில் எழுதி ஒட்டுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60 × 30 × 30 தொட்டி என்றால் 54 லிட்டர். கல், மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக நிஜத்தில் 45 லிட்டர்தான் இருக்கும். மருந்துக் கணக்கு அந்த 45-க்குத்தான். ‘ரெண்டடி தொட்டிக்கு எத்தனை மூடி’ என்று கேட்டு ஊற்றுவதில்தான் பாதி விபத்து நடக்கிறது.

2. முதல் பத்து நிமிடம் கையை உள்ளே விடாதீர்கள்

மூன்றடி தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பக்கத்தில் போனால் நோயாளி மீனும் தீனி வருகிறதென்று ஓடி வந்து ஆரோக்கியமாக நடிக்கும். முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஒப்பிட உதவும்.

முதல் கேள்வி: எத்தனை மீனுக்கு? எல்லா மீனும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், சந்தேகம் தண்ணீர் மீது. ஒரு மீன், இரண்டு நாள் கழித்து இன்னொன்று என்று பரவினால் தொற்று. மற்றவையெல்லாம் நன்றாக இருக்க, ஒன்று மட்டும் பல நாளாகச் சுணங்கினால் அது அந்த மீனின் சொந்தப் பிரச்சினை: முதுமை, மலச்சிக்கல், அல்லது பக்கத்து மீனின் அடி.

அடுத்து செவுள். 15 விநாடிக்கு எத்தனை முறை மூடித் திறக்கிறது என்று எண்ணி, அதே வகையைச் சேர்ந்த நல்ல மீனோடு ஒப்பிடுங்கள். பிறகு துடுப்பு விரிந்திருக்கிறதா, மடங்கி ஒட்டியிருக்கிறதா? கல்லில் உடம்பைத் தேய்க்கிறதா? கழிவு வெள்ளை நூல் போல் தொங்குகிறதா? கடைசியாக மேலிருந்து பாருங்கள். வயிற்றுவீக்கமும் செதில் சிலிர்ப்பும் பக்கவாட்டில் தெரிவதற்கு முன்பே மேலிருந்து தெரிந்துவிடும்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செடி அடர்ந்த தொட்டியில் விடியற்காலை மட்டும் மூச்சுத் திணறி, வெளிச்சம் வந்ததும் சரியாகிவிட்டால், இரவில் ஆக்சிஜன் குறைகிறது. இரவெல்லாம் ஏர் பம்ப் ஓடட்டும், போதும். தண்ணீர் மாற்றிய ஒரு மணி நேரத்துக்குள் திணறல் தொடங்கினால் குளோரினோ வெப்ப மாறுபாடோ காரணமாக இருக்கும். நேற்று ஆறு மணி நேரம் கரண்ட் போயிருந்ததா என்பதையும் யோசியுங்கள். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் தேங்கிய தண்ணீர் அவ்வளவு நேரத்தில் கெட்டிருக்கும். கரண்ட் வந்ததும் அதை அலசாமல் ஓடவிட்டால் அந்த அழுக்கு முழுதும் தொட்டிக்குள் இறங்கும்.

3. தண்ணீரைச் சோதியுங்கள், மீன் நோயாளி போலவே இருந்தாலும்

அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு மில்லிகிராம்) கீழே, முடிந்தால் 20-க்குக் கீழே. அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். இரண்டிலும் மீன் மூச்சு வாங்கும், துடுப்பை மடக்கும், மூலையில் நிற்கும். அதாவது எந்த நோய்க்கும் இருக்கும் அதே அறிகுறிகள். சோதிக்காமல் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பத்து வருடம் மீன் வளர்த்தவராலும்.

பிஎச்சைச் சேர்த்தே பாருங்கள். அம்மோனியாவின் நச்சு வடிவம் பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு. நம் ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீரின் பிஎச் 8-ஐ ஒட்டியே இருக்கிறது, வெயிலும் சேர்ந்துகொள்கிறது. குளிர்நாட்டுக்காரர் ‘கொஞ்சம் அம்மோனியா பரவாயில்லை’ என்று எழுதியதைப் படித்துவிட்டு இங்கே சும்மா இருக்கக் கூடாது.

4. தண்ணீர் மாற்றுங்கள், மருந்து அப்புறம்

அம்மோனியா அல்லது நைட்ரைட் தெரிந்தால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். 2 பிபிஎம் இருந்தால் 1 ஆகும், ஆறேழு மணி நேரம் கழித்து இன்னொரு பாதி மாற்றினால் 0.5 ஆகும். கணக்கு அவ்வளவுதான். தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். வளர்ந்த மீன் பட்டினியால் சாகாது. தின்னாமல் அழுகும் தீனி புது அம்மோனியா.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதில் அனுபவசாலிகளே சறுக்குவார்கள். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத பழைய தொட்டியில் பிஎச் 6-க்கு இறங்கியிருக்கும். அம்மோனியா அதிகமாக இருந்தும் அந்த பிஎச்சில் நச்சு குறைவு என்பதால் மீன் சமாளித்துக்கொண்டிருக்கும். அங்கே பிஎச் 8 உள்ள தண்ணீரைப் பாதியளவு ஊற்றினால், சாதுவாகக் கிடந்த அம்மோனியா ஒரே மணி நேரத்தில் விஷமாகிவிடும். அப்படிப்பட்ட தொட்டியில் ஒரு நாளைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

ஊற்றும் தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்? குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் போடுங்கள். போர் தண்ணீர் என்றால் ஒரு ராத்திரி ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவு, கரைந்த கரியமில வாயு வெளியேறியதும் பிஎச்சும் மாறும். சித்திரை வெயிலில் மதியம் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து நேராகப் பிடிக்காதீர்கள். கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிற தண்ணீர் மீனுக்குக் கொதிநீர். தெர்மாமீட்டரில் இரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும்.

இந்தச் சமயத்தில் ஃபில்டரைக் குழாயடியில் வைத்துத் ‘தேய்த்துக் கழுவாதீர்கள்’. குளோரினில் பாக்டீரியா சாகும், பிரச்சினை இரட்டிப்பாகும். வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

இதைச் செய்து ஒரு நாள் பொறுத்தால், நான் பார்த்த ‘நோய்’களில் சரிபாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிட்டன.

5. பிரிப்பதா, அங்கேயே வைப்பதா

துடுப்பு அழுகல், காயம், வயிற்றுவீக்கம், மலச்சிக்கல் என்றால் அந்த மீனை மட்டும் டப்புக்கு மாற்றுங்கள். 15 லிட்டருக்கு மருந்து போடுவது சுலபம், பெரிய தொட்டியின் பாக்டீரியாவும் தப்பிக்கும். டப்பில் மணல் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, மேலே வலை மூடி, பாதி வெளிச்சம். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

வெள்ளைப்புள்ளி, வெல்வெட், மீன் பேன், நங்கூரப் புழு இவற்றுக்கு மொத்தத் தொட்டிக்கும் வைத்தியம் செய்ய வேண்டும். ஒட்டுண்ணியின் குஞ்சும் முட்டையும் ஏற்கெனவே தண்ணீரிலும் மணலிலும் இருக்கும். மீனை மட்டும் மாற்றினால், குணமாகித் திரும்பி வந்து மறுபடி வாங்கிக்கொள்ளும்.

6. இப்போதுதான் நோயின் பெயர்

வெள்ளைப்புள்ளி. ரவையைத் தூவியது போல உடம்பிலும் துடுப்பிலும் தனித்தனிப் புள்ளிகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில். மீன் கல்லில் உரசும். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் குளிர்ந்தபோதோ, புது மீன் வந்த வாரத்திலோ வந்தவை.

இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. முதிர்ந்ததும் கீழே உதிர்ந்து மணலில் ஒட்டி, கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பிரியும். அந்தக் கூட்டையும் மருந்து துளைக்காது. வெடித்து வரும் குஞ்சுகள் இரண்டொரு நாளுக்குள் மீனைப் பிடிக்காவிட்டால் சாகும். மருந்துக்கு அகப்படுவது அந்தக் குறுகிய நேரம்தான். அதனால்தான் மூன்றாம் நாள் புள்ளி காணாமல் போனதும் நிறுத்தினால் ஏழாம் நாள் மும்மடங்காக வரும். 10 முதல் 14 நாள் விடாமல் செய்ய வேண்டும். ஹீட்டரால் ஒரு நாளைக்கு இரண்டு டிகிரி வீதம் ஏற்றி 30 டிகிரியில் நிறுத்தினால் இந்தச் சுற்று வேகமாகும், அந்தச் சூட்டில் பெரும்பாலான வகைகளால் பெருகவும் முடியாது. ஆனால் 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 30-இல் 7.6-தான். ஏர் பம்பைக் கூட்டாமல் சூட்டைக் கூட்டாதீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் என் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள்மூடியில் வெள்ளைப் புள்ளிகள். கடையில் கேட்டேன், நீல மருந்து (மெத்திலீன் ப்ளூ) கொடுத்தார்கள், ஐந்து நாள் ஊற்றினேன். ஃபில்டர் பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறி இரண்டு மீன் போயின. புள்ளியோ அப்படியே இருந்தது. அது நோயே அல்ல. ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள்மூடியிலும் பக்கத் துடுப்பின் முன்விளிம்பிலும் வரிசையாக வரும் பருக்கள். உடம்பில் பரவாது, மீன் உரசாது, துள்ளிக்கொண்டிருக்கும். இன்றும் யாராவது கோல்டு ஃபிஷ் படம் அனுப்பினால் முதலில் புள்ளி எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.

வெல்வெட். ரவை அல்ல, மஞ்சள் பொடி. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் உடம்பில் தங்கத்தூள் போல மின்னும். ஃபைட்டர் மீன்களில் கவனிக்க வேண்டியது. இந்த ஒட்டுண்ணி வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் வகை என்பதால் தொட்டியை இருட்டாக்குவதும் வைத்தியத்தில் சேரும்.

பூஞ்சையும் காலம்னாரிஸும். இரண்டையும் ‘பஞ்சு’ என்றே சொல்கிறார்கள், இரண்டுக்கும் நீல மருந்தே தருகிறார்கள். பூஞ்சை நிஜமாகவே பஞ்சு: இழை இழையாக வெளியே நீட்டிக்கொண்டு, பெரும்பாலும் பழைய காயத்தின் மேல், மெதுவாக வளரும். காலம்னாரிஸ் ஒரு பாக்டீரியா. வாயோரத்திலோ, முதுகில் சேணம் போட்டது போலவோ தட்டையான சாம்பல் வெள்ளைப் படலமாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். சூடு கூடினால் இது வேகமாகப் பரவும். வெள்ளைப்புள்ளி என்று நினைத்து 30 டிகிரிக்கு ஏற்றினால் நோய்க்கு நாமே உதவி செய்கிறோம். சந்தேகமென்றால் சூட்டைத் தொடாதீர்கள்.

துடுப்பு அழுகல். ஓரம் பிய்ந்து, விளிம்பு வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கும். விளிம்பு சுத்தமாக இருந்தால் பக்கத்து மீன் கடித்தது. ஆரம்ப நிலை என்றால் சுத்தத் தண்ணீரும் உப்புமே போதும். அடித்தண்டு வரை போய்விட்டால்தான் பாக்டீரியா மருந்து.

செதில் சிலிர்ப்பு. மேலிருந்து பார்த்தால் அன்னாசிப்பழத் தோல் போலச் செதில்கள் எழுந்து நிற்கும். சிறுநீரகம் செயலிழந்து உடம்பில் நீர் கோத்ததன் அடையாளம். மருந்துக்கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் டப்பில் போடலாம், நீர் கொஞ்சம் வடியும். சாதா உப்பு இதற்கு வேண்டாம். பிழைப்பது குறைவு, நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற விரும்பவில்லை.

வயிறு மட்டும் உப்பி, செதில் படிந்தே இருந்து, உருண்டை கோல்டு ஃபிஷ்ஷோ ஃபைட்டரோ கவிழ்ந்து மிதந்தால் முதலில் மலச்சிக்கலைச் சந்தேகியுங்கள். மூன்று நாள் பட்டினி, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியில் துளி.

ஃபிளவர் ஹார்ன், ஆஸ்கர் வைத்திருப்பவர்கள் வெள்ளை நூல் கழிவையும் நெற்றிக் குழியையும் கவனியுங்கள். இவை குடல் ஒட்டுண்ணியின் அடையாளமாக இருக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோல் பயன்படும், 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஏறக்குறைய 60 லிட்டருக்கு. தின்னும் மீனாக இருந்தால் தீனியில் கலந்து கொடுப்பதே மேல், ஏனென்றால் நோய் இருப்பது குடலில்.

நங்கூரப் புழு கண்ணுக்கே தெரியும்: செதிலுக்கு அடியிலிருந்து நீட்டும் நூல், நுனியில் இரண்டு முட்டைப் பை. ஈரத் துணியில் மீனைப் பிடித்து, ட்வீசரால் அடியில் பற்றி நேராக இழுங்கள். குளத்தில் வளர்ந்த கோய், கோல்டு ஃபிஷ்களில் இது சகஜம்.

7. உப்பு: எவ்வளவு, எப்படி

சாதாரணக் கல் உப்பு போதும். அதில் உள்ள அயோடின் மீனைக் கொல்லும் அளவு அல்ல. லிட்டருக்கு 1 கிராம் நைட்ரைட் பாதிப்புக்கு: உப்பின் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் ஏறுவதைத் தடுக்கும். 2 முதல் 3 கிராம் வெள்ளைப்புள்ளிக்கு. கோரிடோரஸ், லோச் போன்ற தரையில் மேயும் மீன் வகைகள் இருந்தால் 1 கிராமைத் தாண்டாதீர்கள். செடிகளும் வாடும்.

நம் 45 லிட்டர் தொட்டிக்கு 2 கிராம் என்றால் 90 கிராம். தராசில் நிறுங்கள், ஸ்பூன் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். 30 கிராமாக மூன்று பங்கு வைத்து, மக்கில் கரைத்து, 24 மணி நேரத்தில் பிரித்து ஊற்றுங்கள்.

எல்லோரும் தப்பு செய்கிற இடம் இது: தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் வெறும் தண்ணீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாது. 10 லிட்டரை எடுத்துவிட்டு மாற்றினால் மட்டும் அந்த 10 லிட்டருக்கு 20 கிராம் சேருங்கள்.

8. மருந்து: ஒரு நேரத்தில் ஒன்று

போடும் முன் ஃபில்டரிலிருந்து கார்பனை எடுத்துவிடுங்கள், யூவி விளக்கை நிறுத்துங்கள். கார்பன் மருந்தை உறிஞ்சிவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுபவர்கள் பலர் இதைத்தான் மறந்திருப்பார்கள். லேபிளில் உள்ள அளவை நிஜக் கொள்ளளவுக்குக் கணக்கிட்டுச் சிரிஞ்சில் எடுங்கள். மூடியில் ஊற்றாதீர்கள்.

மெத்திலீன் ப்ளூ டப்புக்கு மட்டும். ஃபில்டர் பாக்டீரியாவைக் கொல்லும், சிலிக்கானை நிரந்தரமாக நீலமாக்கும். மலாக்கைட் கிரீன் கலந்தவை வெள்ளைப்புள்ளிக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் கையுறை போடுங்கள், செதில் இல்லாத மீன்களுக்குப் பாதி அளவு. செம்பு கலந்தது இறாலையும் நத்தையையும் கொல்லும். ஃபார்மலின் பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் பயன்படுத்தவே கூடாது, அந்தப் படிவு கடும் நஞ்சு.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை நசுக்கிப் போடும் பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டெட்ராசைக்ளின் வகைகள் கடினத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். உப்புப் படியும் நம் போர் தண்ணீரில் அது வெறும் மஞ்சள் சாயம். விலை உயர்ந்த மீனோ, கூட்டமாகச் சாவோ என்றால் மீன் நோய் பார்க்கும் கால்நடை மருத்துவரையோ, பொன்னேரி, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிகளையோ அணுகிக் கேளுங்கள். செத்து ஊறிய மீனில் எதுவும் தெரியாது. சாகும் தறுவாயில் உள்ள மீனையும், தனிப் பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும் கொண்டுபோனால்தான் பயன்.

முதல் டோஸ் போட்டபின் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். மீன் துள்ளினாலோ சாய்ந்தாலோ உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். மூன்று நாளாகியும் மாற்றமில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டாம், இன்னொரு மருந்தை மேலே ஊற்றவும் வேண்டாம். பெரிய தண்ணீர் மாற்றம், ஒரு நாள் கார்பன், பிறகு ஆறாவது படிக்குத் திரும்பிப் போய் மறுபடி பாருங்கள்.

9. விட்டுவிட வேண்டிய நேரம்

பல நாளாகத் தின்னாமல், பக்கவாட்டில் கிடந்து, செதிலும் சிலிர்த்துவிட்ட மீனை இழுத்துக்கொண்டிருப்பது அதற்கு வேதனை. கிராம்பு எண்ணெயை லிட்டருக்கு 0.4 மில்லி வீதம், மூடியுள்ள பாட்டிலில் தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் தண்ணீரில் சேருங்கள். மயங்கிப் போகும். செவுள் நின்றபின்னும் கால் மணி நேரம் விடுங்கள். ஃப்ரீசரில் உயிரோடு வைப்பதோ, ஏரியில் விடுவதோ வேண்டாம்.

மெலிந்துகொண்டே போய் முதுகு வளைந்த மீன் இருந்தால் உங்கள் கையையும் பாருங்கள். மீன் காசநோய்க் கிருமி, விரலில் உள்ள வெட்டுக் காயம் வழியே நமக்கும் தோல் கட்டியாக வரும். புண் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிடாதீர்கள்.

10. குணமான பிறகு

அறிகுறி போய் ஒரு வாரம் கழித்தே மீனைத் திருப்பி விடுங்கள். டப், வலை, மக், குழாய் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துக் கழுவி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவிடுங்கள்.

அடுத்த தடவை புது மீன் வந்தால் அந்த டப்தான் அதன் முதல் வீடு, மூன்று நான்கு வாரத்துக்கு. கவரில் வந்த தண்ணீர் வாஷ்பேசினுக்கு.

டப்பில் ஓடிய ஸ்பாஞ்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், பெரிய தொட்டிக்கு அது திரும்பக் கூடாது. புது ஸ்பாஞ்ச் ஒன்றை இன்றைக்கே பெரிய தொட்டியின் மூலையில் மாட்டுங்கள். ஒரு மாதத்தில் தயாராகிவிடும்.